குழந்தைக்கு எந்தப் படம்?

குழந்தை கட்டிலிலிருந்து விழுந்து தலை வீங்கினால், டாக்டர் வாய் திறக்குமுன் "ஸ்கேன் எடுத்துவிடலாமா?" என்று கேட்கும் பெற்றோர் இன்று சித்தூரிலும் திருப்பதியிலும் அநேகர். "தேவையில்லை, ஒரு நாள் கவனித்துப் பாருங்கள்" என்று டாக்டர் சொன்னால், அவரிடம் வசதியில்லை போலும் என்று எண்ணி வேறு இடம் தேடுகின்றனர். பாசத்தால் வரும் அவசரம்தான். ஆனால் அதன் விலையைக் கொடுப்பது குழந்தை.

எல்லாப் படமும் ஒன்றல்ல. எக்ஸ்ரேயும் சி.டி. ஸ்கேனும் கதிர்வீச்சால் எடுக்கப்படுபவை. நெஞ்சுக்கு எடுக்கும் சாதாரண எக்ஸ்ரேயைவிட சி.டி.யில் கதிர்வீச்சு பல மடங்கு அதிகம். வளரும் உடலை அது எளிதில் பாதிக்கிறது. அதன் விளைவு வெளிப்பட, குழந்தையின் முன்னே நீண்ட ஆயுளும் இருக்கிறது. பெரியவர்களுக்கான அளவிலேயே சிறுவர்களுக்கும் இயந்திரத்தை இயக்கினால், வேண்டாத கதிர்வீச்சு மேலும் கூடுகிறது.

பிரிட்டனில் சுமார் 1,78,000 பேரை ஆராய்ந்து 2012-ல் வெளியான ஆய்வு இந்த அபாயத்தைக் கணக்கிட்டது. பத்து வயதுக்கு உட்பட்டோருக்கு 10,000 தலை ஸ்கேன் எடுத்தால், அடுத்த பத்தாண்டுகளில் கூடுதலாக ஒருவருக்கு ரத்தப் புற்றுநோயும் ஒருவருக்கு மூளைக் கட்டியும் வரக்கூடும் என்பது அதன் மதிப்பீடு. சிறிய அபாயம்தான், தேவையான ஸ்கேனை இதற்கு அஞ்சி மறுப்பது பேதைமை. தேவையற்ற ஸ்கேனுக்கோ இந்தச் சிறிய அபாயமும் அதிகமே.

எது தேவை என்று டாக்டர்கள் கண்டறிய வழியுண்டு. அமெரிக்காவில் தலையில் அடிபட்ட 42,000-க்கும் அதிகமான குழந்தைகளைக் கவனித்து, யாருக்கு சி.டி. வேண்டியதில்லை என்பதற்கான விதிகளை 2009-ல் வகுத்தனர். நினைவு தப்புதல், ஓயாத வாந்தி, வலிப்பு, எழுப்பினாலும் தெளியாத மயக்கம் ஆகியவை இருந்தால் ஒரு கணமும் தாமதிக்கலாகாது. அப்போது சி.டி. உயிர் காக்கும் கருவி.

கதிர்வீச்சே இல்லாத படங்களும் உண்டு. வயிற்று வலிக்கு அல்ட்ராசவுண்ட், இதயத்துக்கு எக்கோ. இரண்டும் ஒலி அலையால் இயங்குபவை. ஆயிரம் குழந்தைகளில் சுமார் எட்டுப் பேர் இதயக் குறையுடன் பிறக்கின்றனர். பால் குடிக்கும்போது மூச்சு வாங்கி வியர்க்கும் குழந்தை, உதடு நீலம் பாயும் குழந்தை, எடை ஏறாத குழந்தை ஆகியோருக்கு எக்கோ எடுக்கத் தயங்கவே கூடாது. திருமலை திருப்பதி தேவஸ்தானம் குழந்தைகளுக்கென்றே தொடங்கிய பத்மாவதி இதய மருத்துவமனை 2021 அக்டோபரில் திருப்பதியில் திறக்கப்பட்டது. வசதி அருகில் வந்துவிட்டது. அறிகுறியை உரிய காலத்தில் அறிந்து குழந்தையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் மிச்சம்.

நம் பகுதிக்கே உரிய சங்கடம் ஒன்றும் உண்டு. வட ஆற்காட்டிலிருந்து பிரிந்து 1911-ல் சித்தூர் மாவட்டம் உருவானபோதிலும், வைத்தியத்துக்கு வேலூர் போகும் பழக்கம் மாறவில்லை. சித்தூரில் ஒரு படம், திருப்பதியில் ஒரு படம், வேலூரில் மீண்டும் ஒன்று என்று குழந்தை அலைய நேரிடுகிறது. நோயின் போக்கறிய மறுபடி எடுப்பது வேறு. பழைய படம் கையில் இல்லை என்பதற்காக எடுப்பது வீண்.

எனவே ஸ்கேன் நிலையங்கள் ரிப்போர்ட்டோடு பிலிமையோ சி.டி. தட்டையோ தவறாமல் பெற்றோரிடம் தர வேண்டும். ரேஷன் கார்டைப் போல அதைப் பத்திரப்படுத்துவது பெற்றோர் கடமை. குழந்தைக்குரிய குறைந்த அளவில் இயந்திரம் இயக்கப்படுகிறதா என்று கேட்கவும் அவர்களுக்கு உரிமையுண்டு. இவற்றையெல்லாம் தெலுங்கிலும் தமிழிலும் எழுதி ஸ்கேன் அறை வாசலில் மாட்ட ஆந்திர சுகாதாரத் துறை உத்தரவிடலாம். பெரிய செலவு பிடிக்கும் காரியமல்ல. எல்லையோரத் தமிழ்த் தாய்மார்களுக்கு அது பேருதவியாக இருக்கும்.