சுமை குறைந்தால் வேலை குறையாது

ஊர் உறங்கும் நேரத்தில்தான் திருச்சி காந்தி மார்க்கெட் விழிக்கிறது. வெளியூர் லாரிகள் காய்கறி ஏற்றி வந்து நிற்கின்றன. சும்மாடு கட்டிய தொழிலாளர்கள் மூட்டைக்குத் தலை கொடுக்கிறார்கள். விடிந்ததும் காவிரிப் பாலம் கடந்து ஸ்ரீரங்கத்துச் சமையலறைக்குப் போகும் காய்கறி, யாரோ ஒருவர் முதுகில் இறங்கியதுதான்.

ஒரு கணக்குப் போடுவோம். 10 டன் சரக்கு என்றால் 50 கிலோ மூட்டை 200. நான்கு பேர் இறக்கினால் ஆளுக்கு 50 மூட்டை. அதாவது ஒருவர் முதுகில் இரண்டரை டன். நாற்பது வயதில் இடுப்பு விட்டுப்போவது தலைவிதி அல்ல. இந்தக் கணக்கின் விடை.

ஓர் ஆண் சுமக்கும் எடை 55 கிலோவைத் தாண்டினால் அதை விரைவில் குறைக்க வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967இல் பரிந்துரைத்தது. 2018இல் யூரியா மூட்டை 50 கிலோவிலிருந்து 45 ஆனது. அது உரப் பயன்பாட்டைக் குறைக்கச் செய்த ஏற்பாடு. சுமப்பவரை நினைத்து அல்ல. ஆனாலும் மூட்டையின் எடை மாற்றக்கூடியதே என்பது அதில் தெரிந்துவிட்டது.

லாரித் தட்டின் உயரத்துக்கு ஒரு மேடை, நான்கு மூட்டை ஏற்றும் தள்ளுவண்டி, எட்டும் உயரத்துக்குள் அட்டி. இவை இருந்தால் சரக்கு சீக்கிரம் இறங்கும், லாரியும் காத்துக்கிடக்காது. இவ்வளவு எளிய ஏற்பாடு ஏன் எல்லா இடத்திலும் வரவில்லை? தள்ளுவண்டிக்கு முதலீடு வேண்டும். முதுகுக்கு அன்றாடக் கூலி போதும். இந்த வேலையில் பல சாதியினரும் உண்டு. ஆனால் நிலமும் படிப்பும் மறுக்கப்பட்ட சேரிகளுக்கு, மூட்டை தூக்குவது தகப்பனிடமிருந்து மகனுக்கு வந்த சொத்தாகிவிட்டது.

'வண்டி வந்தால் கூலியைக் குறைப்பார்கள்' என்ற தொழிலாளியின் பயம் நியாயமானது. எனவே மூட்டைக்கான கூலி ஒரு பைசாவும் குறையக் கூடாது, ஆட்குறைப்பும் கூடாது. மிச்சமாகும் நேரத்தின் பலன் உழைப்பவருக்கும் சேர வேண்டும். உடலுழைப்புத் தொழிலாளர்களுக்காகத் தமிழ்நாட்டில் 1982இலேயே சட்டம் வந்துவிட்டது. நல வாரியத்தில் பதியாதவர்கள் உடனே பதிய வேண்டும். படித்த பிள்ளைகள் அவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கலாம்.

பஞ்சப்பூரில் பெரியார் பெயரில் புதிய காய்கனிச் சந்தைக்கு 2025 மே மாதம் அடிக்கல் நாட்டப்பட்டது. கட்டி முடித்தபின் மேடை கேட்டால் இடிக்க வேண்டியிருக்கும். இப்போதே கேட்க வேண்டும். மேடையோடு ஓய்வறையும் கழிப்பறையும் குடிநீரும் வரைபடத்தில் இடம்பெற வேண்டும். வணிகர்களிடம் கருத்துக் கேட்பதுபோலச் சுமைதூக்குவோரையும் அழைத்துக் கேளுங்கள்.

வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் அம்பேத்கர் தொழிலாளர் உறுப்பினராக இருந்தபோது, 1946இல், ஆலை வேலை வாரத்துக்கு 48 மணி நேரம் என வரையறுக்கப்பட்டது. நேரத்துக்கு எல்லை வகுக்க முடிந்தது. முதுகில் ஏறும் எடைக்கும் வகுக்க முடியும்.