டயரைக் காக்கும் வேக வரம்பு

அமெரிக்காவின் கனரக டீசல் பிக்கப் வண்டிகளில் வேகக் கட்டுப்பாடு இருக்கத்தான் செய்கிறது. ஃபோர்டு சூப்பர் டூட்டி, ராம் 2500, சில்வராடோ எச்.டி. ஆகியவற்றின் எஞ்சின் கணினியில் ஆலையிலேயே ஒரு வரம்பு பதிந்து வருகிறது. பொதுவாக அது மணிக்கு 160 கிலோமீட்டரை ஒட்டியிருக்கும். ஆனால், அந்நாட்டின் மிக உயர்ந்த சட்டபூர்வ வேகமே, டெக்சாஸின் 130ஆம் எண் நெடுஞ்சாலையின் ஒரு பகுதியில் அனுமதிக்கப்படும் 137 கிலோமீட்டர்தான். பிறகு யாருக்காக அந்த 160? பெரும்பாலும் டயருக்காக. பாரம் தாங்கும் டயர்களில் 'கியூ' என்று பொறித்திருந்தால் 160 வரைதான் தாங்கும்; 'ஆர்' என்றால் 170. அதற்கு மேல் சூடேறிப் பிளந்துவிடும் ஆபத்து உண்டு.

சரி, டயர்தான் கணக்கு என்றே வைத்துக்கொள்வோம். இந்த வண்டிகள் விற்பனையாவதே இழுவைத் திறனைக் காட்டித்தான். சூப்பர் டூட்டி வரிசையின் உச்ச மாடல் 18 டன் வரை இழுக்கும் என்கிறது ஃபோர்டு. பின்னால் பூட்டப்படும் டிரெய்லர்களின் டயர்களில் பல, 105 கிலோமீட்டருக்கு மேல் ஓடுவதற்கென்று செய்யப்பட்டவை அல்ல. டிரெய்லர் இழுக்கும் வண்டி 88 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்கிறது கலிபோர்னியா சட்டம். டிரெய்லரைப் பூட்டியதும் வண்டிக்கே அது தெரிந்துவிடுகிறது. அதன் பிரேக்கைக்கூட இயக்குகிறது. வேக வரம்பு மட்டும் 160-லேயே நிற்கிறது. தயாரிப்பாளர்களின் தர்க்கப்படியே இது தவறு.

தொழில்நுட்பம் இல்லை என்றும் சொல்ல முடியாது. மகனிடம் சாவியைக் கொடுக்கும் தந்தை, ஃபோர்டின் 'மைகீ' வசதியால் வண்டியை 105-இல் கட்டிப்போட முடியும். மகனுக்குச் செய்ய முடிந்ததைப் பல டன் டிரெய்லருக்குச் செய்ய முடியாதா?

மெதுவாகப் போகும் வண்டிதான் விபத்துக்கு வழிவகுக்கும், ஓட்டத்தோடு ஓட வேண்டும் என்பது லாரி ஓட்டுநர் அமைப்புகளின் பழைய வாதம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் கலிபோர்னியாவில் காருக்கும் டிரெய்லர் வண்டிக்கும் வேக வித்தியாசத்தைச் சட்டமே வகுத்திருக்கிறது. ஐரோப்பாவில் 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகள் 90 கிலோமீட்டருக்குள்தான் ஓடுகின்றன. சுமார் 4.5 டன் மொத்த எடைக்கு அனுமதி பெற்ற எஃப்-250 அங்கே சரக்கு வண்டியாகப் பதிவானால் அதற்கும் அதுவே விதி.

இன்னொரு ஓட்டை, டியூனிங், அதாவது எஞ்சின் கணினியின் மென்பொருளை மாற்றியமைப்பது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, அதற்கு முந்தைய பத்தாண்டில் 5.5 லட்சத்துக்கும் மேற்பட்ட டீசல் பிக்கப்களில் மாசுக் கட்டுப்பாட்டுக் கருவிகள் முடக்கப்பட்டன. அந்த வேலையைச் செய்யும் மென்பொருள்கள் பலவற்றால் வேக வரம்பையும் நீக்கிவிடலாம். மாசுக் கருவியில் கைவைத்தால் தண்டனை உண்டு. வேக வரம்போ மத்தியச் சட்டம் கட்டாயமாக்கிய கருவியே அல்ல. ஆகவே அதை நீக்குவதைத் தடுக்கும் மத்திய விதியும் இல்லை.

2016-இல் முன்மொழியப்பட்ட வேகக் கட்டுப்பாட்டு விதி, 11.8 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்கானது. பிக்கப்களை அது தொடவே இல்லை. அதையும் 2025-இல் திரும்பப் பெற்றுவிட்டார்கள். லாரிகளைப் பற்றிய சண்டை எப்போது முடியுமோ தெரியாது, பிக்கப்கள் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. டிரெய்லர் பூட்டியதும் வரம்பு தானாக 105-க்கு இறங்க வேண்டும்; கூடுதல் வேகம் தாங்கும் டயர் போட்டவர்கள் அதைக் காட்டி உயர்த்திக்கொள்ளட்டும். அந்த வரம்பை நீக்குவதும் மாசுக் கருவியை முடக்குவதற்கு இணையான குற்றமாக வேண்டும். நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் இந்த இரண்டையும் விதியாக்க வேண்டும்.