பாறைக்குப் போகும் பாதையை யார் போட்டது?

ராக் க்ளைம்பிங் வீடியோக்கள் இப்போது எல்லோர் போனிலும் வந்துவிடுகின்றன. செங்குத்தான பாறையில் ஒருவர் விரல் நுனியில் தொங்கிக்கொண்டிருப்பார். பார்க்கும் நமக்கு இங்கே கை வியர்க்கும். அந்த 30 விநாடி வீடியோவில் வராத ஒன்று இருக்கிறது. வண்டியை நிறுத்திய இடத்திலிருந்து பாறையின் அடிவாரம் வரை அவர் நடந்து வந்த பாதை.

அந்தப் பாதை தானாக வந்ததில்லை. உலகின் பல மலைகளில் அதைப் போட்டவர்களும் பராமரிப்பவர்களும் தன்னார்வலர்கள். ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு, கடப்பாரையும் மண்வெட்டியுமாக வந்து வேலை பார்ப்பவர்கள். யாரும் அவர்களை வீடியோ எடுப்பதில்லை. இந்த வாரம் அவர்களைப் பற்றிப் பேசுவோம். அவர்கள் செய்யும் வேலையில் தாம்பரம் பக்கம் வசிக்கும் நமக்கும் ஒரு சேதி இருக்கிறது.

நடந்தால் பாதை வந்துவிடாதா?

வரும். அதுதான் சிக்கலே.

நாலு பேர் நடந்த இடத்தில் புல் சாகும். நாற்பது பேர் நடந்தால் மண் இறுகும். இறுகிய மண்ணுக்குள் மழைநீர் இறங்காது. அது பாதையையே கால்வாயாக்கிக்கொண்டு ஓடும். இரண்டு மழைக்காலம் போனால் பாதையின் நடுவில் பள்ளம் விழுந்து, மரத்தின் வேர் வெளியே தெரியும். பள்ளத்தில் கால் வைக்கப் பிடிக்காமல் எல்லோரும் ஓரமாக நடப்பார்கள். அங்கேயும் புல் சாகும். ஓரடிப் பாதை பத்தடி அகலத்துக்குப் பரவிவிடும். வளைந்து ஏறும் பாதையில் ஒருவர் நேராகக் குறுக்கு வழி எடுத்தால், அடுத்த மழையில் தண்ணீரும் அதே வழியில் இறங்கும்.

பாறை ஏறும் இடங்களில் இந்தப் பாதிப்பு இரண்டு மடங்கு. பாறை தண்ணீரை உறிஞ்சாது. மேலே பெய்வது அத்தனையும் வழிந்து அடிவாரத்து மண்ணில்தான் விழும். ஏறுபவருக்குக் கயிறு பிடிப்பவரும், முறைக்காகக் காத்திருப்பவர்களும், அவர்களின் பைகளும் மணிக்கணக்கில் இருப்பது அதே இடத்தில்தான். கல்லுக்கு ஒன்றும் ஆகாது. அதன் காலடி மண் கரைந்துவிடும்.

அதனால் தன்னார்வலர்கள் செய்யும் வேலையில் பெரும்பகுதி தண்ணீரை ஒதுக்குவதுதான். பாதையை வெளிப்பக்கமாக லேசாகச் சரித்து வைப்பார்கள், நீர் தேங்காமல் ஓரமாக வழிந்துவிடும். சரிவான இடத்தில் நீண்ட கற்களைப் பாதையின் குறுக்கே சாய்வாகப் பதிப்பார்கள், ஓடிவரும் நீர் அதில் மோதிப் பக்கவாட்டில் இறங்கிவிடும். செங்குத்தான இடத்தில் கற்களைப் பாதிக்கு மேல் மண்ணில் புதைத்துப் படி கட்டுவார்கள். குறுக்கு வழிகளைக் காய்ந்த கிளைகளும் பாறைத் துண்டுகளும் போட்டு அடைப்பார்கள். ஒரு வழியைத் திறப்பதைப் போலவே, பத்து வழிகளை மூடுவதும் அவர்கள் வேலை.

வடிகாலுக்காக மலை ஏறுபவர்கள்

இங்கிலாந்தின் வடமேற்கில் 'லேக் டிஸ்ட்ரிக்ட்' என்ற மலைப்பகுதி இருக்கிறது. அங்குள்ள கிரேட் கேபிள் மலையில் ஊசி போல நிற்கும் நேப்ஸ் நீடில் என்ற பாறையில் 1886-ல் ஹாஸ்கெட் ஸ்மித் என்பவர் தனியாளாக ஏறினார். பாறை ஏறுவது பிரிட்டனில் தனி விளையாட்டாக வளர்ந்ததற்கு அதைத்தான் தொடக்கமாகச் சொல்வார்கள்.

பேயாக மழை பெய்யும் ஊர் அது. அங்குள்ள சீத்வெய்ட் கிராமத்தில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கும் மேல் பெய்கிறது. நம் சென்னைக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர்தான். அந்த மழையிலும், வந்துபோகும் கூட்டத்தின் காலடியிலும் மலைப்பாதைகள் கரையாமல் இருக்க 'ஃபிக்ஸ் தி ஃபெல்ஸ்' என்ற அமைப்பு 20 ஆண்டுகளுக்கும் மேலாக வேலை செய்கிறது. பெரிய கற்களை மூட்டையாகக் கட்டி ஹெலிகாப்டரில் மேலே இறக்கி, கையால் ஒவ்வொன்றாகப் பாவுகிறார்கள். சதுப்பான இடங்களில் ஆட்டு ரோமத்தை அடியில் பரப்பி, அதன்மேல் பாதை போடும் பழைய முறையையும் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

என்னைக் கவர்ந்தது கல் பாவும் வேலை இல்லை. அங்குள்ள தன்னார்வலர்கள் 'ட்ரெயின் ரன்' என்று ஒன்று செய்கிறார்கள். வடிகால் நடை என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மலைப்பாதை முழுக்க நடப்பார்கள். வழியில் இருக்கும் ஒவ்வொரு வடிகாலிலும் அடைத்திருக்கும் சரளையையும் சேற்றையும் வாரி ஓரமாகப் போடுவார்கள். அவ்வளவுதான். அடுத்த மழைக்கு அது மறுபடி அடைத்துக்கொள்ளும். மறுபடி போவார்கள். ஹெலிகாப்டரில் கல் கொண்டுவந்து போட்ட பாதை பல ஆண்டுகள் நிற்பதற்கு இந்தச் சின்ன வேலை தேவைப்படுகிறது.

அமெரிக்காவிலும் இதே கதைதான். பாறை ஏறும் இடங்களைக் காப்பதற்காக 1991-ல் தொடங்கிய 'ஆக்சஸ் ஃபண்ட்' அமைப்பு, உள்ளூர் க்ளைம்பர்களைச் சேர்த்துக்கொண்டு பாதை வேலை செய்கிறது. யோசெமிட்டி தேசியப் பூங்காவில் 2004-ல் க்ளைம்பர்கள் தொடங்கிய துப்புரவுப் பணி ஆண்டுதோறும் நடக்கும் நிகழ்வாகிவிட்டது. அதே பூங்காவில் பொரி வல்லூறு கூடு கட்டும் காலத்தில் சில பாறைகளில் ஏறத் தடை போடுகிறார்கள்.

நம்ம ஊர் மலைப்படி

இதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர்க் கதை என்று தோன்றலாம். ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து தாம்பரம் வந்து மின்சார ரயில் ஏறினால், சில ஸ்டேஷன் தள்ளிப் பரங்கிமலை. அங்கே மலை உச்சி தேவாலயத்துக்கு ஏறும் கல்படிகள் 18-ம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அரசாங்கம் கட்டியதல்ல. கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர் சொந்தப் பணத்தில் கட்டிக்கொடுத்தது.

மலைக்கு வரும் பக்தர்கள் அடையாற்றைக் கடக்கச் சிரமப்படுகிறார்கள் என்று சைதாப்பேட்டையில் 1726-ல் ஒரு பாலமும் கட்டினார். மர்மலாங் பாலம் என்று பெயர். இப்போது அந்த இடத்தில் மறைமலை அடிகள் பாலம் இருக்கிறது. உஸ்கான் செய்ததில் முக்கியமானதாக எனக்குப் படுவது இதுதான்: பாலத்தைக் கட்டியதோடு நிற்காமல், அதன் பராமரிப்புக்கென்று தனியாக ஒரு தொகையும் ஒதுக்கிவைத்தார். கட்டியதை யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று 300 ஆண்டுகளுக்கு முன்பே அவருக்குத் தெரிந்திருக்கிறது.

மண்வெட்டியோடு கிளம்பிவிடாதீர்கள்

நம் பக்கத்தில் பாறைக்குக் குறைவில்லை. வேளச்சேரி – தாம்பரம் சாலையில் போனால் நன்மங்கலம் காப்புக்காடு. அதன் நடுவே கைவிடப்பட்ட பழைய கல்குவாரி, செங்குத்துச் சுவர்களோடு நிற்கிறது. பார்த்தவுடன் ஏறத் தோன்றும். ஆனால் அந்தச் சுவர், கொம்பன் ஆந்தைகள் கூடு வைக்கும் இடம். பறவை பார்ப்பவர்களிடையே நன்மங்கலத்துக்குப் பெயர் வந்ததே இந்த ஆந்தையால்தான். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். நல்ல எண்ணத்தோடு ஒரு செடியை வெட்டிப் பாதை போட்டாலும் அதே குற்றம்தான்.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. வேலி போட்டு விட்டுவிட்டால் மட்டும் யாரும் போகாமல் இருப்பதில்லை. கோடை விடுமுறை வந்தால் புறநகர்க் கல்குவாரிக் குட்டையில் பையன்கள் மூழ்கிய செய்தி டெஸ்க்குக்கு வந்துவிடுகிறது. எங்கே போகலாம், எங்கே போகக்கூடாது, எந்த வழியாகப் போக வேண்டும் என்று காட்டும் பாதையும் பலகையும் காட்டுக்கும் பாதுகாப்பு, பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு தொடக்கம் நடந்திருக்கிறது. 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீ மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. அதன்பின் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 பாதைகளை அரசு திறந்தது. ஆன்லைனில் பதிவு செய்தால் அந்தந்த மலைப்பகுதி இளைஞர்களே வழிகாட்டிகளாகக் கூட வருகிறார்கள். மலைக்குப் போக ஆசையிருந்தால் இந்த வழியாகப் போங்கள். போகும்போது ஒன்று மட்டும் செய்யுங்கள். பாதையில் சேறாக இருந்தால் ஓரமாக ஒதுங்காமல், ஷூ நனைந்தாலும் நடுவிலேயே நடங்கள். வளைவில் குறுக்கே இறங்காதீர்கள். இது செலவில்லாத பாதைப் பராமரிப்பு.

அடுத்த தடவை எப்போது?

மலைக்கே போகாதவர்களுக்கும் வடிகால் நடை உண்டு. செம்பாக்கம், சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம் என்று நம்மைச் சுற்றி ஏரிகள். நமக்கு மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. ஏரிக்கரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மரக்கன்று நட ஐம்பது பேர் வருவார்கள். டி-ஷர்ட் கொடுப்பார்கள், குரூப் போட்டோ எடுப்பார்கள். மே மாதம் அந்தக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற எத்தனை பேர் வருவார்கள்?

வருகிற இரண்டு பேரைத்தான் அந்த ஏரி நம்பியிருக்கிறது. அவர்களில் பலர் ஓய்வுபெற்ற தாத்தாக்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள். போட்டோவில் இருக்க மாட்டார்கள். தெருவில் மழைநீர் வடிகாலின் வாயில் சிக்கிய பிளாஸ்டிக் கவரைக் குனிந்து எடுத்துப்போடும் அக்காவும் அந்தக் கணக்கில்தான் வருவார்.

அடுத்த முறை ஏதாவது தன்னார்வக் குழு உங்களைக் கூப்பிட்டால் தாராளமாகப் போங்கள். போவதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள். "அனுமதி வாங்கியாச்சா?" "இதே இடத்துக்கு மறுபடி எப்போ வர்றோம்?" இரண்டாவது கேள்விக்குத் தேதியோடு பதில் சொல்லும் குழுவாகப் பார்த்துச் சேருங்கள்.