ஓய்வூதியத்தைக் கணக்கிடப் போகிறவர் யார்?

தமிழ்நாடு உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டம் 2026 ஜனவரி 3 அன்று அறிவிக்கப்பட்டது. அன்று முதல் நடக்கும் விவாதம் ஒரே தடத்தில் சுற்றுகிறது. கடைசி மாத ஊதியத்தில் பாதி என்றால் கருவூலம் தாங்குமா என்று பொருளாதாரம் பேசுவோர் கேட்கிறார்கள். ஊழியரிடம் 10 சதவீதம் பிடித்துவிட்டுத் தருவது எப்படிப் பழைய ஓய்வூதியம் ஆகும் என்று சங்கங்களில் ஒரு பகுதியினர் கேட்கிறார்கள். தொலைக்காட்சியில் இரு தரப்பும் மோதிக் கொண்டாயிற்று. கடைசி மாத ஊதியம் சரிதானா, பணிக்காலம் எவ்வளவு, இடையில் கழிக்க வேண்டியது எத்தனை நாள் என்பதையெல்லாம் யார் உட்கார்ந்து கணக்குப் பார்க்கப் போகிறார்கள்? இந்தக் கேள்வியை இதுவரை ஒருவரும் எழுப்பவில்லை.

அதற்கான ஆள் ஒவ்வொரு அரசு அலுவலகத்திலும் இருக்கிறார். எஸ்டாப்ளிஷ்மென்ட் செக்‌ஷனில் சம்பள பில் போடும் இளநிலை உதவியாளர்தான் அவர். குரூப் 4 எழுதி வந்தவர். ஊதிய நிலை 8, தொடக்கம் 19,500 ரூபாய். சம்பளம் வராத மாதத்தில் மட்டும்தான் அலுவலகம் அவர் இருக்கையைத் தேடி வரும்.

அவர் செய்வது தட்டச்சு வேலை என்று நினைப்பவர்கள் ஒரே ஒரு கணக்கைப் பார்க்கட்டும். தமிழக அரசில் ஆண்டு ஊதிய உயர்வு ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளில் வரும். மார்ச் 20-ஆம் தேதி வேலையில் சேர்ந்தவருக்கு, அடுத்தடுத்த ஆண்டுகளில் அந்தக் காலாண்டின் முதல் நாளான ஜனவரி 1-லேயே உயர்வு கிடைத்துவிடும். அவர் ஒரு ஆண்டில் மருத்துவச் சான்று இல்லாமல் 15 நாள் ஊதியமில்லா அசாதாரண விடுப்பு எடுத்தால், அந்த நாட்கள் உயர்வுக்குச் சேராது. மார்ச் 20 நகர்ந்து ஏப்ரல் 4 ஆகிறது. காலாண்டு மாறுவதால் உயர்வு இனி ஏப்ரல் 1-இல்தான். பதினைந்து நாள் விடுப்பு மூன்று மாத உயர்வை விழுங்கிவிடுகிறது, அதுவும் ஆண்டுதோறும். பில் போடுபவர் இதைக் கவனிக்கத் தவறினால் தவறான தொகை பல ஆண்டு போய்க்கொண்டே இருக்கும். ஓய்வு பெறும் நேரத்தில்தான் தணிக்கை அதைப் பிடிக்கும்.

இதன் மேல் பதவி உயர்வு வரும். ஊதியத்தைப் பதவி உயர்வு நாளிலேயே நிர்ணயிப்பதா, அடுத்த இன்கிரிமென்ட் நாளிலா என்று ஊழியரிடம் விருப்பம் பெற வேண்டும். பத்தாண்டு முடிந்தால் தேர்வு நிலை, இருபதாண்டில் சிறப்பு நிலை. ஆண்டுக்கு இருமுறை அகவிலைப்படி, அதற்கு நிலுவை, அந்த நிலுவையிலும் பங்களிப்பு ஓய்வூதியப் பிடித்தம். அரையாண்டுக்கொரு முறை தொழில் வரி, மாதா மாதம் மருத்துவக் காப்பீடு 300 ரூபாய், பண்டிகை முன்பணத் தவணை, கூட்டுறவுச் சங்கக் கடன். நீதிமன்றம் சம்பளத்தை ஜப்தி செய்திருந்தால் அதுவும் இவர் தலையில்தான். 2020-இல் நிறுத்தப்பட்ட ஈட்டிய விடுப்புச் சரண்டர் 2025 அக்டோபரில் திரும்ப வந்தது. ஊழியர்கள் மகிழ்ந்தார்கள். இவருக்கு ஒவ்வொருவரின் விடுப்புக் கணக்கையும் பணிப்பதிவேட்டிலிருந்து மறுபடி சரிபார்க்கும் வேலை கூடியது.

வட்டாரக் கல்வி அலுவலகங்களில் இந்தச் சுமை இன்னும் கொடிது. ஒன்றியத்தில் உள்ள அரசுத் தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களின் சம்பளம் அங்கேதான் போடப்படுகிறது. ஆசிரியர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும் ஒன்றியத்திலும் பில் போடும் கைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

கணினி வந்துவிட்டதே என்பார்கள். வந்தது உண்மை. ஒருங்கிணைந்த நிதி, மனிதவள மேலாண்மைத் திட்டம், அதாவது அலுவலகங்களில் ஐ.எஃப்.எச்.ஆர்.எம்.எஸ். என்று சொல்லப்படுவது, சுமார் 289 கோடி ரூபாய் செலவில் 2019 ஜனவரியில் தொடங்கி வைக்கப்பட்டது. சுமார் 9 லட்சம் ஊழியர்களின் ஊதியத்தை ஒரே கட்டமைப்பில் கொண்டுவருவது நோக்கம். பில்லைக் காகிதத்தில் சுமந்துகொண்டு சார் கருவூலத்துக்கு அலைவது ஒழிந்தது, நல்லதுதான். இப்போது விடுப்புக்கும் ஊதியச் சீட்டுக்கும் களஞ்சியம் செயலி இருக்கிறது. ஆனால் அந்தக் கட்டமைப்புக்குள் போன பணிப்பதிவேட்டுத் தகவல்களைத் தந்தது எது? கோடுகளும் அடித்தல் திருத்தல்களும் நிறைந்த அதே பழைய எஸ்.ஆர். புத்தகம். மார்ச் 20 ஏப்ரல் 4 ஆனதை அந்தப் புத்தகத்தில் ஒருவர் எழுதாமல் விட்டிருந்தால் எந்த மென்பொருளுக்கும் அது தெரியப் போவதில்லை.

பிழையின் விலை என்ன என்பதை உச்ச நீதிமன்றம் 2014 டிசம்பரில் ரஃபிக் மசீஹ் வழக்கில் வரையறுத்தது. சி, டி பிரிவு ஊழியரிடமும், ஓய்வு பெற்றவரிடமும், ஓராண்டுக்குள் ஓய்வு பெறப் போகிறவரிடமும், ஐந்தாண்டுக்கு மேல் தவறாகப் போன தொகையிலும், கூடுதலாகக் கொடுத்ததைத் திரும்பப் பிடிப்பது கூடாது என்றது தீர்ப்பு. மனிதாபிமானம் உள்ள தீர்ப்பு. நிர்வாகத்துக்கு அதில் உள்ள செய்தியும் எளிது: தவறாகப் போன பணம் போனதுதான். கருவூலத்தைப் பற்றி இவ்வளவு கவலைப்படும் நிபுணர்கள் இந்த ஓட்டையைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை.

இந்த இடத்தில் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் ஊதியக் கணினிமயம் பற்றிப் பேசும் ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்ய வேண்டிய கதை அது. அம்மாநில சுகாதாரத் துறையில் சுமார் 80,000 ஊழியர்கள். பழைய ஊதிய மென்பொருள் காலாவதியானதால் புதியதற்கு ஐபிஎம் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டார்கள். தொடக்க ஒப்பந்தத் தொகை 61.9 லட்சம் ஆஸ்திரேலிய டாலர். 2010 மார்ச் 14 அன்று புதிய ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. முதல் சம்பளத்திலேயே செவிலியர்களில் சிலருக்குக் குறைவாக வந்தது, சிலருக்குக் கூடுதலாக வந்தது, சிலருக்கு எதுவுமே வரவில்லை.

ஏன் இப்படி ஆனது? இருநூறுக்கும் மேற்பட்ட படிகள், பல ஊதிய ஒப்பந்தங்கள், அவற்றின் விதிகள் என எல்லாம் சேர்ந்து 24,000 விதமான கணக்கீட்டுச் சேர்க்கைகள் அங்கே இருந்தன. மருத்துவமனைகளில் இருந்த சம்பளப் பிரிவினர் அவற்றை ஆண்டுக்கணக்காகக் கையாண்டு வந்தவர்கள். இரவுப் பணி மாறிய செவிலியரைப் பெயர் சொல்லி அறிந்தவர்கள். புதிய மென்பொருளையொட்டி அந்த வேலையும் மையப்படுத்தப்பட்டது. நேரில் போய்க் கேட்டுத் திருத்திக்கொள்ளும் வழி அடைபட்டது. 2012-இல் கேபிஎம்ஜி ஆலோசனை நிறுவனம் ஆராய்ந்தபோது, இரண்டு வாரத்துக்கொரு முறை சம்பளம் போட 92,000 படிவங்கள், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கைவேலைகள், அவற்றைச் செய்ய 1,010 ஊழியர்கள் தேவைப்பட்டார்கள். தானியங்கி என்று வாங்கியதைத் தாங்கிப் பிடிக்க ஆயிரம் பேர்! பல ஆண்டு நடத்தும் செலவையும் சேர்த்து மொத்தச் சுமை 120 கோடி டாலர் என மதிப்பிட்டார்கள். தொடக்க ஒப்பந்தத்தைப் போல் ஏறக்குறைய 194 மடங்கு.

2013-இல் ரிச்சர்ட் செஸ்டர்மன் தலைமையிலான விசாரணை ஆணையம், அந்நாட்டுப் பொது நிர்வாகத் தோல்விகளின் முன்வரிசையில் இதை வைத்தது. துறைக்கு என்ன தேவை என்பதையே ஒழுங்காக எழுதிக் கேட்கவில்லை என்பது அதன் முக்கியமான குற்றச்சாட்டுகளில் ஒன்று. நிறுவனத்தின் மீது மாநில அரசு தொடுத்த வழக்கும் 2015-இல் தோற்றது. துறையின் தேவையைச் சரியாகச் சொல்லக்கூடியவர் பில் போட்டுப் பழகியவர் மட்டுமே. அவரை மேசைக்கு அழைக்காத நிர்வாகம் 120 கோடி டாலர் கட்டியது.

தமிழ்நாட்டில் இவரை மேசைக்கு அழைப்பது இருக்கட்டும், மேசையிலிருந்தே எழுப்பிவிடப் பார்த்தார்கள். 2022 அக்டோபரில் மனிதவள மேலாண்மைத் துறை வெளியிட்ட அரசாணை 115 நினைவிருக்கும். சி, டி பிரிவுப் பணிகளுக்கு வெளியிலிருந்து ஆள் எடுப்பது பற்றியும் ஆராயக் குழு போட்டார்கள். சங்கங்கள் கொதித்தன, ஆய்வு வரம்புகள் திரும்பப் பெறப்பட்டன. ஆனால் அந்த எண்ணம் போய்விடவில்லை. எழுத்தர் பணியை முகமைக்குக் கொடுத்தால் மிச்சம் என்று இன்றும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு நீண்ட வாதம் தேவையில்லை. அவர்களில் எவரும் ஒரு எஸ்.ஆர். புத்தகத்தைப் பிரித்து ஒரு ஊதிய நிர்ணயத்தைச் சரிபார்த்தவர் அல்லர். ஒப்பந்தம் முடிந்து போன தற்காலிகப் பணியாளர் போட்ட பில்லுக்குப் பத்து ஆண்டு கழித்து யார் விளக்கம் சொல்வார்? மெமோ யாருக்குப் போகும்?

பவானிசாகர் அரசுப் பயிற்சி நிலையத்தில் பயிற்சி தருகிறோமே என்பது அரசுத் தரப்பின் வழக்கமான பதில். அது எல்லாருக்குமான அடிப்படைப் பயிற்சி. அங்கிருந்து திரும்பியவர் தபால் பிரிவுக்கும் போகலாம், சம்பளப் பிரிவுக்கும் போகலாம். சம்பளப் பிரிவில் விதிகள் பிடிபட்டு, திரை பழகி வரும்போது இருக்கை மாற்றம் வந்துவிடுகிறது. பில்லைத் தணிக்கை செய்யும் கருவூலத் துறைக்குத் தனிப் பணியாளர் அமைப்பு இருக்கிறது, அவர்களுக்கென்று பதவி உயர்வுப் படிகளும் இருக்கின்றன. பில்லை உருவாக்கும் இடத்தில் அப்படி எதுவும் இல்லை. ஆட்சேபம் போட்டுத் திருப்பி அனுப்புபவர் நிபுணர், முதலில் கணக்குப் போட்டவர் யாரோ ஒருவர். இதைவிடத் தலைகீழான ஏற்பாட்டைக் கற்பனை செய்யவே முடியாது.

கலிபோர்னியா மாநில அரசில் பர்சனல் ஸ்பெஷலிஸ்ட் என்று தனிப் பணிநிலையே உண்டு. ஊதியம், விடுப்பு, சலுகைகள், பணி ஆவணம் ஆகியவற்றைப் பார்ப்பதுதான் அவர்கள் வேலை. அந்த மாநிலமும் பெரிய ஊதிய மென்பொருள் திட்டம் ஒன்றில் இறங்கி, 25 கோடி டாலருக்கு மேல் செலவழித்தபின் 2013-இல் எஸ்ஏபி நிறுவனத்தின் ஒப்பந்தத்தை ரத்து செய்தது. முன்னோட்டத்திலேயே பிழைகள் மலிந்ததுதான் காரணம். பழைய ஏற்பாட்டிலேயே சம்பளம் தொடர்ந்து போனது. அதைத் தாங்கியது அந்தத் தனிப் பணிநிலை.

இப்போது புதிய ஓய்வூதியத் திட்டத்துக்கு வருவோம். 2003 ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்ந்தவர்கள் பங்களிப்பு ஓய்வூதியத்தில் சேர்க்கப்பட்டவர்கள். இருபது ஆண்டுக்கு மேலான பிடித்தக் கணக்கு. மிஸ்ஸிங் கிரெடிட் என்ற பெயரைக் கேட்டாலே அலுவலகங்களில் முகம் சுருங்கும். பிடித்தம் செய்த மாதம் பில்லில் இருக்கும், கணக்கில் இருக்காது. துறை மாறியவர், அயற்பணிக்குப் போய் வந்தவர், இடைநீக்கத்தில் இருந்து திரும்பியவர் எனச் சிக்கல் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விதம். இவர்கள் ஓய்வு பெறும்போது கடைசி ஊதியம் பிழையில்லாததாக இருக்க வேண்டும், பணிக்காலம் ஐயமில்லாததாக இருக்க வேண்டும். அதைச் செய்து முடிக்க இன்றைய சம்பளப் பிரிவுகளால் முடியாது. இப்படியே விட்டால் இந்தத் திட்டம் நிதிப் பற்றாக்குறையால் சாயாது, கணக்குப் பிழையால் சாயும்.

ஆகவே அரசு செய்ய வேண்டியவை உண்டு. ஊதியம், பணி ஆவணம் இரண்டுக்கும் எல்லாத் துறைகளிலும் தனிப் பணிநிலை உருவாக்க வேண்டும். அதற்குத் தனித் தேர்வும், பதவி உயர்வுப் பாதையும், குறைந்தது ஐந்தாண்டு இருக்கை மாறாத உறுதியும் வேண்டும். ஐ.எஃப்.எச்.ஆர்.எம்.எஸ்.-இல் அடுத்து எந்த மாற்றம் செய்தாலும் அவர்களின் கையொப்பம் இல்லாமல் செய்யக் கூடாது. ஒவ்வொரு பணிப்பதிவேட்டையும் ஓய்வுக்கு ஐந்தாண்டு முன்பே முழுமையாகச் சரிபார்த்து முடிக்க ஆணையிட வேண்டும். சங்கங்களும் சதவீதக் கணக்கில் காட்டும் வேகத்தில் பாதியை இந்தக் கோரிக்கையில் காட்டட்டும். அடுத்து வரும் முழு நிதிநிலை அறிக்கையில் இதற்கான பணியிடங்களும் ஒதுக்கீடும் இடம்பெற வேண்டும்.