எத்தனை இன்ச்?

ஹோம் தியேட்டர் ஸ்பீக்கரின் அளவைத் தீர்மானிப்பது அது வைக்கப்படும் அறை. தேங்க்ஸ்கிவிங் தள்ளுபடி விளம்பரங்களில் இன்ச் உண்டு, வாட் உண்டு. அறையைப் பற்றி மட்டும் ஒரு வரி கிடையாது. ஹூஸ்டனில் 2010 முதல் மகாத்மா காந்தி மாவட்டம் என்று பெயர் பெற்றிருக்கும் ஹில்கிராஃப்ட் கடைத்தெருவில், முருங்கைக்காய்ப் பையோடு காபிக்கு உட்காருகிறவர்களின் சப்வூஃபர் பேச்சும் அப்படியே. “உங்க சப் எத்தனை இன்ச்?” “பத்துங்க. உங்களுது?” “பன்னெண்டு.” அத்தோடு ஒருவர் ஜெயித்துவிடுகிறார்.

இன்ச்சுக்கு மதிப்பு இல்லாமல் இல்லை. பேஸ் என்னும் தாழ்ந்த ஒலி, காற்றைத் தள்ளும் வேலை. சத்தம் குறையாமல் ஒரு ஸ்தாயி கீழே இறங்க நான்கு மடங்கு காற்றைத் தள்ள வேண்டும். 8 இன்ச் கூம்பைவிட 12 இன்ச் கூம்பின் பரப்பு 2.25 மடங்கு. அதனால் சப்வூஃபர் பெரிதாக இருப்பது நியாயம். மற்ற ஸ்பீக்கர்களுக்கு ஐந்து, ஆறு இன்ச் வூஃபரே பெரும்பாலும் போதும். ரிசீவரில் அவற்றை ‘ஸ்மால்’ என்று குறித்து, கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வைத்தால், அதற்குக் கீழுள்ளதெல்லாம் சப்புக்குப் போய்விடும். அந்தத் தாழ்ந்த ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பது காதுக்கு எளிதில் பிடிபடாது. பெரிய விலை கொடுத்தவருக்கு ‘ஸ்மால்’ என்ற சொல் கௌரவக் குறைச்சலாகப் படுகிறது. ‘லார்ஜ்’ என்று மாற்றுகிறார். பிறகு சப்பும் சும்மா இருக்கக் கூடாதென்று ஒரே பேஸை இரண்டு இடத்துக்கும் அனுப்பும் வசதியைப் போடுகிறார். அறை முழுக்கத் ‘தும் தும்’.

இந்தத் ‘தும் தும்’ மீதான என் புகாரின் வேர் இளையராஜாவின் பேஸ் கிட்டாரில் இருக்கிறது. குண்டு வெடிப்பில் எல்லா சப்பும் தேறிவிடும். வெடிக்குச் சுருதி கிடையாது. 1980-ல் வந்த ‘மூடுபனி’யில் யேசுதாஸ் பாடும் கிட்டார் பாட்டு அப்படி விடாது. இளையராஜாவின் பாடல்கள் பலவற்றில் பேஸ், தாளத்துக்கு முட்டுக்கொடுப்பதோடு நிற்காமல், பாடகருக்குக் கீழே தனக்கென ஒரு மெட்டைப் பாடிக்கொண்டே போகிறது. ‘மௌன ராகம்’ (1986) படத்தின் எஸ்.பி.பி.–ஜானகி டூயட்டும் அந்த ரகம். ஒரு சுரம் பெருத்து அடுத்தது காணாமல் போனால் மெட்டு அறுந்துவிடும்.

அறுப்பது அறை. நான்கு கம்பி பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கும். அடுத்தவை 55, 73, 98. டெக்சஸ் புறநகர் வீடுகளின் மாடி மீடியா ரூம் 14 அடி அகலம் என்று வைத்துக்கொண்டால், அந்த அகலம் 40 ஹெர்ட்ஸுக்குச் சரியாகப் பொருந்தி, ஒலி சுவர்களுக்கிடையே நின்று அதிரும். சுவரோரம் உட்கார்ந்தவருக்கு அந்தத் தடித்த கம்பி இடியாக விழும். சோபாவின் நடுவில், வீட்டுப் பெரியவருக்கென்று ஒதுக்கிய இடத்தில், அதே சுரம் ஏறக்குறைய மௌனம். அவர் கேட்கவில்லை என்று சப்பை ஏற்றுவார். ஓரத்தில் இருப்பவர் காதைப் பொத்துவார்.

சென்னையின் செங்கல் சுவரும் கான்கிரீட் கூரையும் பேஸைத் திருப்பி அடிப்பதால் இந்த ஏற்றத்தாழ்வு அங்கே இன்னும் கடுமை. மரச்சட்டத்தில் அறைந்த டெக்சஸ் ஜிப்சம் பலகை கொஞ்சம் வளைந்து கொடுத்து, ஒரு பகுதியை விழுங்கும், ஒரு பகுதியை வெளியே விடும். விட்டது கீழ்ப் படுக்கையறைக்குப் போகும்.

மருந்து இடமாற்றம். சப்பைச் சோபாவின் மேல், உட்காரும் இடத்திலேயே வைத்து அந்த ‘மூடுபனி’ பாட்டை ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து போக வேண்டும். எல்லாச் சுரமும் ஒரே கனத்தில் கேட்கும் இடமே சப்பின் இடம். மூலையில் சத்தம் கூடும், சமன் கெடும். பட்ஜெட் இருந்தால் ஒரு பெரிய சப்பைவிட, எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் இரண்டு சிறியவை மேல். கூடுதல் இருக்கைகளுக்கு ஒரே பேஸ் கிடைக்கும். ரிசீவர் கிராஸ்ஓவரைப் பார்த்துக்கொள்வதால் சப்பின் பின்னாலுள்ள கிராஸ்ஓவர் திருகை உச்சத்தில் விட்டுவிடலாம். வால்யூம் திருகைப் பாதியில் வைத்து, ரிசீவரின் மைக்கால் அளவெடுக்க வேண்டும். கடைசியாக ஃபேஸ் திருகு: 0, 180 இரண்டிலும் கேட்டு, 80 ஹெர்ட்ஸை ஒட்டிய சுரங்கள் எதில் நிறைவாக ஒலிக்கின்றனவோ அதில் நிறுத்தலாம்.