வான்கோழியின் வயிற்றிலிருந்து ஸ்லோ குக்கருக்கு

அமெரிக்காவில் நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமை பல வீடுகளில் ஒரு போட்டி நடக்கும். கால்பந்துப் போட்டி இல்லை (அது ஹாலில் டிவியில் தனியாக ஓடிக்கொண்டிருக்கும்). இது சமையலறையில் நடக்கும் போட்டி. ஓவனில் இடம் பிடிக்கிற போட்டி!

தேங்க்ஸ்கிவிங் விருந்து என்றால் வான்கோழி வேண்டும். கூடவே பூசணி பை, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, பீன்ஸ் கேஸரோல், சின்னச் சின்ன பன்கள், கடைசியாக ஸ்டஃபிங். இத்தனையும் ஓவனில்தான் வேக வேண்டும். பெரும்பாலான வீட்டில் ஓவனோ ஒன்றே ஒன்று. 14 பவுண்டு வான்கோழி 325 டிகிரி ஃபாரன்ஹீட்டில் வேக ஏறக்குறைய நாலு மணி நேரம் ஆகும். அது உள்ளே உட்கார்ந்துவிட்டால் மற்றதெல்லாம் வெளியே வரிசையில் நிற்க வேண்டியதுதான். மதியம் இரண்டு மணிக்கு என்று சொன்ன சாப்பாடு நாலரைக்கு மேசைக்கு வருவது இப்படித்தான்.

இதற்கு ஒரு எளிய தீர்வு இருக்கிறது. ஸ்டஃபிங்கை வான்கோழியின் வயிற்றிலிருந்தும் ஓவனிலிருந்தும் வெளியே எடுத்து ஸ்லோ குக்கரில் போட்டுவிடுவது. "அய்யய்யோ, அது சோம்பேறிச் சமையல்" என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஆனால் இடம், பாதுகாப்பு, சுவை, நியாயம் என்று எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் இதுதான் நல்ல வழி. ஏன் என்று பார்க்கலாம்.

ஸ்டஃபிங் என்றால் என்ன?

தெரியாதவர்களுக்கு: காய்ந்த ரொட்டித் துண்டுகள், வெண்ணெயில் வதக்கிய வெங்காயம், செலரித் தண்டு, சேஜ், தைம் போன்ற மூலிகைகள், இவற்றை நனைக்கக் கொஞ்சம் சூப் தண்ணீர். அவ்வளவுதான். பார்வைக்கு நம்ம ஊர் பிரெட் உப்புமாவின் தூரத்துச் சொந்தம் மாதிரி இருக்கும். ஆனால் ரொட்டி உதிராமல், உள்ளே மெத்தென்று, மேலே மொறுமொறுவென்று வருவதுதான் இதன் லட்சணம்.

பறவை, விலங்குகளின் வயிற்றுக்குள் கலவையை அடைத்துச் சமைப்பது ரோமானியர் காலத்துப் பழக்கம். அப்பீசியஸ் பெயரில் இருக்கும் சமையல் நூலில் ஒருவகைச் சுண்டெலிக்குக்கூட மசாலா அடைத்துச் சமைக்கும் முறை இருக்கிறது! அமெரிக்காவின் தென் மாநிலங்களில் சோள ரொட்டியில் செய்து, தனித் தட்டில் வைத்துச் சுட்டு, அதை 'டிரெஸ்ஸிங்' என்பார்கள். பென்சில்வேனியாவின் ஜெர்மன் வம்சாவளியினர் உருளைக்கிழங்கு சேர்த்து 'ஃபில்லிங்' என்பார்கள். ஆக, எதில் செய்வது, எதற்குள் வைப்பது என்பதில் ஒரே ஒரு மரபு என்று எப்போதுமே இருந்ததில்லை.

வயிற்றுக்குள் என்ன ஆபத்து?

பச்சை வான்கோழியில் சால்மோனெல்லா, கேம்பைலோபாக்டர் மாதிரியான கிருமிகள் இருக்கலாம். வேகும்போது அதன் சாறு உள்ளே இருக்கும் ரொட்டியில் இறங்கும். ரொட்டி பஞ்சு மாதிரி உறிஞ்சிக்கொள்ளும். அதனால்தான் அமெரிக்க வேளாண்மைத் துறை, ஸ்டஃபிங்கின் நடுப்பகுதி 165 டிகிரி ஃபாரன்ஹீட் (74 டிகிரி செல்சியஸ்) வெப்பத்தைத் தொட்டே ஆக வேண்டும் என்கிறது.

சிக்கல் இங்கேதான். சூடு வெளியிலிருந்து உள்ளே போகிறது. ஸ்டஃபிங் இருப்பதோ எல்லாவற்றுக்கும் நடுவில். நெஞ்சுக்கறி பக்குவமாக வெந்த நேரத்தில் ஸ்டஃபிங் இன்னும் வேகாமல் இருக்கும். அது வேகட்டும் என்று காத்திருந்தால் நெஞ்சுக்கறி காய்ந்து சக்கையாகிவிடும். ஒன்றைக் காப்பாற்றினால் இன்னொன்று போச்சு. வயிற்றுக்குள் வைக்காமல் விட்டால் இரண்டுமே பிழைக்கும்.

ஸ்லோ குக்கரின் பூர்வீகம்

ஸ்லோ குக்கரை 'மரபுக்கு விரோதமான மெஷின்' என்று நினைப்பவர்கள் அதன் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். இதைக் கண்டுபிடித்தவர் இர்விங் நாக்ஸன் என்ற அமெரிக்க யூதர். 1936-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1940-ல் கிடைத்தது. அவருக்கு யோசனை வந்தது அவருடைய அம்மா சொன்ன கதையிலிருந்து. லித்துவேனியாவின் வில்னியஸ் நகரில் யூதக் குடும்பங்கள் வெள்ளிக்கிழமை மாலை 'சோலண்ட்' என்ற குழம்புப் பானையை ரொட்டிக்கடை அடுப்பில் கொண்டுபோய் வைத்துவிடும். சனிக்கிழமை ஓய்வுநாள், அன்று அடுப்பு மூட்டக்கூடாது. அடங்கிக்கொண்டிருக்கும் அடுப்பின் மிச்சச் சூட்டில் ராத்திரி முழுக்க அது மெதுவாக வெந்துகொண்டிருக்கும். மறுநாள் சுடச்சுடச் சாப்பாடு!

1970-ல் நாக்ஸனின் கம்பெனியை ரைவல் நிறுவனம் வாங்கி, 1971-ல் 'கிராக் பாட்' என்ற பெயரில் கடைக்குக் கொண்டுவந்தது. பெண்கள் பெருமளவில் வேலைக்குப் போக ஆரம்பித்திருந்த காலம் அது. காலையில் போட்டுவிட்டுப் போனால் சாயங்காலம் வெந்திருக்கும் என்பதுதான் விற்பனை மந்திரம்.

அடுத்த வருடமே, 1972-ல், ஜெனரல் ஃபுட்ஸ் நிறுவனம் 'ஸ்டவ் டாப்' என்ற அட்டைப்பெட்டி ஸ்டஃபிங்கை வெளியிட்டது. அதை உருவாக்கியதில் முக்கியமானவர் ரூத் சீம்ஸ் என்ற மனையியல் பட்டதாரி. ரொட்டித் துகள் எந்த அளவில் இருந்தால் கூழாகாமல் நீரை உறிஞ்சும் என்பதுதான் அந்தக் கண்டுபிடிப்பின் ரகசியம். ஓய்வுநாளைக் காப்பாற்ற ஒரு பானை, அடுப்படி நேரத்தைக் குறைக்க ஒரு பெட்டி. இரண்டுக்கும் பின்னால் இருந்தது ஒரே கேள்விதான்: பண்டிகை நாளில் சமைக்கிறவருக்கும் ஓய்வு உண்டா, இல்லையா?

செய்முறை

எட்டுப் பேருக்கு. 6 குவார்ட் (சுமார் 5.7 லிட்டர்) ஸ்லோ குக்கர் போதும்.

தேவையானவை: ரொட்டி 1 பவுண்டு (சுமார் 450 கிராம்), வெண்ணெய் அரை கப் (113 கிராம்), பெரிய வெங்காயம் 2, செலரித் தண்டு 4, பூண்டு 2 பல், காய்ந்த சேஜ் 2 டீஸ்பூன், தைம் 1 டீஸ்பூன், பார்ஸ்லி ஒரு கைப்பிடி, முட்டை 2, கோழி அல்லது காய்கறி சூப் தண்ணீர் 2 கப், உப்பு, மிளகு.

1. ரொட்டியை அரை அங்குலத்திலிருந்து முக்கால் அங்குலம் வரையிலான துண்டுகளாக வெட்டி, தட்டில் பரப்பி முதல் நாள் ராத்திரியே காயவிடுங்கள். இல்லையென்றால் 300 டிகிரி ஃபாரன்ஹீட் ஓவனில் முக்கால் மணி நேரம், நடுவில் ஒருமுறை புரட்டி உலர்த்துங்கள். கையில் எடுத்து அழுத்தினால் கடகடவென்று இருக்க வேண்டும். 'பழைய ரொட்டி' வேறு, 'காய்ந்த ரொட்டி' வேறு. பழைய ரொட்டியில் மாவுச்சத்து இறுகியிருக்கும், ஆனால் ஈரம் உள்ளேயே இருக்கும். நமக்குத் தேவை ஈரம் போன ரொட்டி.

2. வெண்ணெயில் வெங்காயம், செலரி, பூண்டு போட்டு வெங்காயம் மெத்தென்று ஆகும்வரை வதக்குங்கள். கடைசியில் மூலிகைகளைப் போட்டு ஒரு கிளறு. இந்த வேலையைத் தவிர்க்க ஆசை வரும். தவிர்க்காதீர்கள். ஸ்லோ குக்கரில் பச்சை வெங்காயம் வேகும், ஆனால் வதங்காது. ருசி முழுக்க இங்கேதான் இருக்கிறது.

3. குக்கரின் உட்புறம் வெண்ணெய் தடவுங்கள். ரொட்டியையும் வதக்கியதையும் பெரிய பாத்திரத்தில் கலந்து, வெதுவெதுப்பான சூப் தண்ணீரில் முட்டையை அடித்துக் கலந்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் புரட்டுங்கள். துண்டுகள் நனைந்திருக்க வேண்டும், பாத்திரத்தின் அடியில் தண்ணீர் தேங்கக்கூடாது. ஓவன் செய்முறையில் ஊற்றும் அளவை இங்கே ஊற்றினால் கூழாகிவிடும். மூடி போட்ட பானையில் ஆவி வெளியே போகாது அல்லவா?

4. மூடிக்கு அடியில் ஒரு சுத்தமான பருத்தித் துணியை விரித்து, அதன் முனைகளை மூடியின் மேலே மடித்து வையுங்கள். மூடியில் சேரும் நீர்த்துளிகள் திரும்ப ரொட்டியில் சொட்டாமல் இந்தத் துணி குடித்துவிடும். இந்த ஒரு தந்திரம்தான் நல்ல ஸ்டஃபிங்கையும் சொதசொத ஸ்டஃபிங்கையும் பிரிக்கும் கோடு.

5. 'ஹை'யில் ஒரு மணி நேரம், பிறகு 'லோ'வில் இரண்டரை முதல் மூன்று மணி நேரம். நடுவில் தெர்மாமீட்டரைக் குத்திப் பாருங்கள், 165 டிகிரி காட்ட வேண்டும். பிறகு 'வார்ம்' நிலையில் ஓரிரு மணி நேரம் தாராளமாக இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. நேரம் மிச்சம் என்று முதல் நாளே எல்லாவற்றையும் நனைத்து வைக்காதீர்கள். ரொட்டி தனியாக, வதக்கியது தனியாக ஃபிரிட்ஜில், சேர்ப்பது அடுப்பில் வைக்கும் நேரத்தில். 40 முதல் 140 டிகிரி ஃபாரன்ஹீட் வரையிலான வெப்பம்தான் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். அதேபோல, மிஞ்சியதை இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் ஓவனிலோ மைக்ரோவேவிலோ சூடு பண்ணுங்கள். ஸ்லோ குக்கரில் வேண்டாம். அது சூடேற ரொம்ப நேரம் எடுத்துக்கொள்ளும்.

"ஆனால் மொறுமொறுப்பு?"

நியாயமான கேள்வி. ஸ்லோ குக்கரின் பெரிய குறை இது, மறைக்க ஒன்றுமில்லை. பானையின் சுவரைத் தொட்டிருக்கும் ஓரங்கள் நன்றாகவே சிவக்கும், ஆனால் மேல்பகுதி மெத்தென்றே இருக்கும். மொறுமொறுப்புக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, ஒரு கைப்பிடி ரொட்டித் துண்டுகளைத் தனியாக வெண்ணெயில் வறுத்துக் கடைசியில் மேலே தூவுவது. இன்னொன்று, வான்கோழி வெளியே வந்ததும் அதை வெட்டுவதற்கு முன் இருபது முப்பது நிமிடம் ஆறவிடுவார்கள். அப்போது ஓவன் காலி! ஸ்டஃபிங்கை அகலமான தட்டுக்கு மாற்றி ஒரு கால் மணி நேரம் உள்ளே தள்ளினால் மேலே பொன்னிறமாகிவிடும். (குக்கரின் பீங்கான் பானையை மட்டும் தீக்கு நேர் கீழே வைத்துவிடாதீர்கள், வெடித்துவிடும்.)

இரண்டாவது ஆட்சேபம், வான்கோழியின் சாறு இறங்காத ஸ்டஃபிங்குக்கு ருசி ஏது என்பது. வான்கோழியின் கழுத்தையும் மற்ற உறுப்புகளையும் கொதிக்கவைத்து எடுத்த தண்ணீரை ஊற்றினால் அதே ருசி வரும். நன்கு வெந்த சாறு, பயமும் இல்லை.

மூன்றாவது, "எங்க பாட்டி இப்படிச் செய்ததில்லை". பாட்டி காலையில் ஐந்து மணிக்கு எழுந்து, கோழியின் வயிற்றுக்குள் கைவிட்டு, நாள் முழுக்க அடுப்படியில் நின்றார். எல்லோரும் சாப்பிட்டு முடிக்கும்போது தன் தட்டோடு வந்து உட்கார்ந்தார். அந்த ஸ்டஃபிங் பிரமாதம் என்று பேரப்பிள்ளைகள் இன்றும் சொல்வார்கள். பாட்டி அன்று எத்தனை மணிக்குச் சாப்பிட்டார் என்று கேட்டால் ஒருவருக்கும் ஞாபகம் இருக்காது. கடைசிப் பந்தியில் உட்காரும் பெண்களைத் தமிழ் வீடுகளும் நன்றாகவே அறியும்.

யாருக்கு லாபம்?

முதல் லாபம், சமைப்பவருக்கு. மூன்றரை, நாலு மணி நேரம் யாரும் கிளற வேண்டாம், காவல் இருக்க வேண்டாம். இரண்டாவது, சைவம் சாப்பிடுபவருக்கு. வான்கோழிக்குள் வெந்த ஸ்டஃபிங்கை அவரால் தொட முடியாது. தனியாக, காய்கறி சூப் தண்ணீரில், கொஞ்சம் காளான் வதக்கிப் போட்டுச் செய்தால் அது அவருக்கு முழுச் சாப்பாடு. முட்டையும் ஆகாது என்றால் விட்டுவிடலாம், கொஞ்சம் உதிரியாக வரும், அவ்வளவுதான். சாலடும் பன்னும் தின்றுவிட்டுச் சிரித்த முகமாக எழுந்துபோகும் விருந்தாளிகள் (அங்கே படிக்கப்போன நம் பிள்ளைகள் பலர் இதில் சேர்த்தி) மேசையில் நிஜமான இடம் பெறுவார்கள்.

மூன்றாவது, ஓவனே இல்லாதவருக்கு. சின்ன அறையில் தங்கியிருக்கும் மாணவரிடம் ஒரு மின்சார பிளக் இருந்தால் போதும். வீட்டு ஸ்லோ குக்கருக்கு ஓவன் அளவுக்கு மின்சாரமும் வேண்டாம். செய்து, பானையோடு தூக்கிக்கொண்டு நண்பர் வீட்டுக்குப் போகலாம். வெறுங்கையோடு போகிற விருந்தாளி, ஒரு பதார்த்தம் கொண்டுபோகிறவர் ஆகிறார். வேலையும் ஒரே தலையில் விழாமல் பிரிகிறது.

1621-ல் பிளிமத்தில் நடந்த அறுவடை விருந்தைப் பற்றி எட்வர்ட் வின்ஸ்லோ எழுதிய கடிதத்தில் காட்டுப் பறவைகளும், வாம்பனோக் மக்கள் கொண்டுவந்த ஐந்து மான்களும் இருக்கின்றன. ரொட்டி ஸ்டஃபிங் பற்றிப் பேச்சே இல்லை. ஆகவே எந்தப் பாத்திரத்தில் செய்தால் பண்டிகை கெட்டுவிடும் என்று யாரும் பயப்பட வேண்டியதில்லை. அந்தக் கடிதத்தில் நிச்சயமாக இருப்பது, வந்தவர்களும் ஒரு பங்கு கொண்டுவந்தார்கள் என்பது. அந்த மரபைக் காப்பாற்ற ஆசைப்படுபவர்கள் இந்த நவம்பரில் ஸ்டஃபிங் வேலையைச் சமையலறையில் நிற்பவரிடமிருந்து வாங்கிக்கொள்ளட்டும். ரொட்டியை முதல் நாள் ராத்திரியே வெட்டிக் காயவைக்க மட்டும் மறக்க வேண்டாம்!