பேனா வைத்த போன் எதற்கு?



"புது போன் வரப் போகுதாம்டா. ஸ்கிரீன் இவ்ளோ பெருசு! கீழே ஒரு அமுக்கு அமுக்கினா, உள்ளேயிருந்து பேனா வருமாம்!"

மீஞ்சூரில் இருந்து காட்டுப்பள்ளி போகிற பஸ்சாக இருக்கட்டும், எண்ணூரிலோ திருவொற்றியூரிலோ பள்ளி விடுகிற நேரமாக இருக்கட்டும், நான்கு மாணவர்கள் கூடினால் பேச்சு எப்படியோ போனுக்கு வந்து விடுகிறது. புதுப் பொருள் மேல் ஆசை வருவது தப்பா? இல்லவே இல்லை. பெரியவர்களுக்கே வருகிறது!

ஆனால், "அந்த போன் எதுக்குப்பா?" என்று கேட்டுப் பாருங்கள். "கேம் பெருசா தெரியும்" என்று பதில் வரும். "சரி, பேனா எதுக்கு?" என்றால் பலருக்குப் பதில் தெரியாது.

என் கட்சி இதுதான். அந்த போனில் ஆசைப்படத் தகுந்தது பெரிய திரை அல்ல, பேனாதான். அந்தப் பேனாவால் எழுதப் போவதில்லை என்றால், அதற்காக வீட்டில் அடம் பிடிக்காதீர்கள்.

பேனா வைத்த போன் இன்று நேற்று வந்ததல்ல. 1994லேயே ஐ.பி.எம். கம்பெனியின் 'சைமன்' என்ற போனில் பேனா இருந்தது. நம் நாட்டிலும் ஒன்று பிறந்தது. அதன் பெயர் 'சிம்ப்யூட்டர்'. பெங்களூருவில் ஏழு விஞ்ஞானிகளும் இன்ஜினியர்களும் சேர்ந்து உருவாக்கிய கையடக்கக் கணினி அது. ஆங்கிலம் தெரியாத கிராமத்து மக்களும் பயன்படுத்த வேண்டும் என்பது அவர்கள் கனவு. அதனால் விசைப்பலகையை விட்டு விட்டு, ஒரு சின்னக் குச்சியால் திரையில் தொட்டு எழுதும்படி செய்தார்கள். 2004ல் கடைக்கு வந்தது. பாவம், எதிர்பார்த்தபடி விற்கவில்லை.

2007ல் ஐபோனை அறிமுகம் செய்த ஸ்டீவ் ஜாப்ஸ், 'விரல் இருக்கும்போது குச்சி எதற்கு' என்கிற மாதிரி கிண்டலடித்தார். எல்லாரும் விரலுக்கு மாறினார்கள். ஆனால் 2011ல் சாம்சங், 'கேலக்ஸி நோட்' என்ற போனைப் பேனாவோடு கொண்டு வந்தது. அதன் திரை 5.3 அங்குலம். அப்போதைய ஐபோனின் திரை 3.5 அங்குலம்தான். 'இது போனா, பலகையா?' என்று பலர் சிரித்தார்கள். இன்று கடையில் இருக்கும் பெரும்பாலான போன்கள் அதை விடப் பெரியவை! இன்னொரு வேடிக்கை... ஜாப்ஸின் ஆப்பிள் கம்பெனியே 2015ல் ஐபேடுக்கு ஒரு பென்சிலை விற்க ஆரம்பித்தது. 'நோட்' என்ற பெயர் 2020 மாடலோடு முடிந்தாலும், பேனா போகவில்லை. 2022 முதல் 'அல்ட்ரா' என்ற விலை உயர்ந்த போனுக்குள் குடியேறி விட்டது.

இந்தப் பேனா எப்படி எழுதுகிறது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். விரலால் தொடும்போது, உங்கள் உடம்பு மின்சாரத்தைக் கடத்துவதால் திரைக்குத் தெரிகிறது. இந்தப் பேனாவின் கதையே வேறு. திரைக்கு அடியில் மெல்லிய கம்பி வலை ஒன்று இருக்கிறது. அது ஒரு காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. பேனாவுக்குள் குட்டிக் கம்பிச்சுருள். காந்தப் புலத்தில் இருந்தே மின்சாரம் எடுத்துக் கொண்டு, 'நான் இங்கே இருக்கிறேன்' என்று பேனா பதில் சொல்கிறது. அதனால் எழுதுவதற்கு பேனாவுக்குள் பேட்டரியே வேண்டாம்! முனை திரையைத் தொடும் முன்பே, சற்று மேலே நிற்கும்போதே போனுக்குத் தெரிந்து விடும். அழுத்தினால் கோடு தடிக்கும். மென்மையாக வைத்தால் மெலியும். 2011ல் 256 படிகளாக அழுத்தத்தை அளந்த பேனா, 2016ல் 4,096 படிகளாக அளந்தது.

வலையைத் தொட்ட ஈரக் கையோடு போனைத் தொட்டால் திரை ஏறுக்குமாறாக ஓடும். காட்டுப்பள்ளிக் குப்பத்துப் பிள்ளைகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பேனாவுக்கு அந்தத் தொல்லை குறைவு. அதற்காகக் கடல் தண்ணீரில் முக்கிப் பார்த்து விடாதீர்கள். 'வாட்டர் புரூப்' என்று விளம்பரம் செய்வது நல்ல தண்ணீருக்குத்தான், உப்புத் தண்ணீருக்கு அல்ல.

இவ்வளவும் புதுசு என்றா நினைக்கிறீர்கள்? காட்டுப்பள்ளியில் துறைமுகத்துக் கிரேன்களை அண்ணாந்து பார்க்கிறோம். அந்தக் கடற்கரையில் அப்படியே வடக்கே பழவேற்காட்டுக்குப் போனால், பெண்கள் பனையோலையில் கூடையும் பெட்டியும் முடைவதைப் பார்க்கலாம். அந்த ஓலைதான் நம் முன்னோர்களின் 'ஸ்கிரீன்'. எழுத்தாணிதான் 'ஸ்டைலஸ்'!

ஓலையில் எழுதுவது லேசான வேலை இல்லை. இடது கையில் ஓலையைப் பிடித்து, இடது கட்டை விரலை எழுத்தாணிக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். இதற்காகவே கட்டை விரல் நகத்தை வளர்த்து, அதில் சின்னப் பள்ளம் செய்து கொண்டவர்கள் உண்டு. எழுத எழுத, கை நகராது, ஓலைதான் நகரும். எழுதி முடித்ததும் எழுத்து கண்ணுக்குத் தெரியாது. விளக்குக் கரியோ, இலைச் சாறோ தடவித் துடைத்தால், கீறல்களில் கருமை தங்கி எழுத்து பளிச்சென்று வரும். இப்படி எழுதிய பல்லாயிரம் சுவடிகள், சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கின்றன. உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து தேடியதும் இத்தகைய ஓலைகளைத்தான். 1887ல் சீவக சிந்தாமணியை அவர் அச்சிட்டது இல்லையென்றால், அதை இன்று இவ்வளவு சுலபமாகப் படிக்க முடியுமா?

ஓலையில் புள்ளி வைக்க மாட்டார்கள். கூரான எழுத்தாணி ஓலையைப் பொத்து விடும் என்பதே காரணம் என்பார்கள். 'காட்டுப்பள்ளி' என்ற பெயரை எழுதினால் 'காடடுபபளளி' என்றுதான் இருக்கும். படிப்பவர்தான் யூகித்துக் கொள்ள வேண்டும்!

இன்று கண்ணாடித் திரையில் எத்தனை புள்ளி வைத்தாலும் ஓட்டை விழாது. ஆனால் நாம் என்ன செய்கிறோம்? 'அம்மா எப்போ வருவே' என்பதை ஆங்கில எழுத்தில் தட்டுகிறோம். தமிழ் கீபோர்டில் எழுத்தைத் தேடச் சோம்பல். இந்தச் சோம்பலுக்கு நல்ல மருந்து பேனாதான். 'ழ'வைத் தேட வேண்டாம், எழுதினால் போதும். பெங்களூருவில் இருந்த எச்.பி. ஆய்வுக்கூடம், தமிழ்க் கையெழுத்தைக் கணினிக்குக் கற்றுக் கொடுக்க 156 குறியீடுகளை, பலர் கையால் எழுத வைத்துச் சேகரித்தது. 2006ல் அதை வைத்து ஆராய்ச்சியாளர்களுக்குப் போட்டியே நடந்தது. 2015ல் கூகுள் 82 மொழிகளுக்குக் கையெழுத்து வசதி தந்தபோது, தமிழும் அதில் இருந்தது.

கணக்குப் பாடத்துக்கும் பேனா உதவும். வர்க்கமூலத்தைக் கீபோர்டில் தட்டிப் பாருங்கள், அழுகை வரும்! 2020ல் கொரோனா காலத்தில் போனிலேயே பாடம் படித்தவர்கள், நோட்டில் எழுதிப் படம் பிடித்து அனுப்பினார்களே... அப்போது பேனா போன் வைத்திருந்தவர்கள் கொடுத்து வைத்தவர்கள். ஆக, வீட்டில் அக்காவிடமோ மாமாவிடமோ பேனா போன் இருந்தால், "கேம் விளையாடணும்" என்று கேட்காமல், "பேனாவைக் கொடுங்க, படம் போடறேன்" என்று கேளுங்கள். பல போன்களில் அந்தப் பேனா வெளியே வராமலேயே தூங்குகிறது.

இனி விலைக்கு வருவோம். 2025 ஜனவரியில் 'எஸ்25 அல்ட்ரா' வந்தபோது, அதன் விலை 1,29,999 ரூபாயாக இருந்தது. தினம் ஆயிரம் ரூபாய் சம்பாதிக்கும் ஒருவர், சோற்றுக்குக் கூடச் செலவழிக்காமல் சேர்த்தால் 130 நாள் ஆகும். கன்டெய்னர் லாரி ஓட்டுகிற அப்பாவும், மீன்கூடை சுமக்கிற அம்மாவும் 'முடியாது' என்றால், அது கஞ்சத்தனம் இல்லை. அதே ஆண்டு ஏப்ரலில் மோட்டோரோலா, பேனாவுடன் ஒரு போனை 22,999 ரூபாய்க்கு விற்றது. அதுவும் பெரிய தொகைதான்.

அவசரப்பட்டு வாங்கினால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு கதை உண்டு. 2016 ஆகஸ்டில் 'நோட் 7' வந்தபோது, பல நாடுகளில் முன்பணம் கட்டிக் காத்திருந்து வாங்கினார்கள். சில போன்களில் பேட்டரி சூடாகித் தீப்பிடித்தது. விமானத்தில் கொண்டு போகவே தடை! அக்டோபரில் தயாரிப்பையே நிறுத்தி விட்டார்கள். அதற்கிடையில் செப்டம்பரில், சிங்கப்பூரில் இருந்து சென்னை வந்த விமானத்தில், பழைய 'நோட் 2' போன் ஒன்று புகைந்தது. நல்லவேளை, ஊழியர்கள் அணைத்தார்கள், யாருக்கும் காயமில்லை.

எழுதிப் பார்க்கப் புது போன் தேவையே இல்லை. வீட்டில் இருக்கிற ஆண்ட்ராய்டு போனில் கூகுளின் 'ஜிபோர்டு' கீபோர்டு இருந்தால், அமைப்புகளில் தமிழைச் சேர்த்து 'கையெழுத்து' என்பதைத் தேர்ந்தெடுங்கள். விரலே போதும். பேனாதான் வேண்டும் என்றால், ரிச்சி தெரு போன்ற இடங்களில் ரப்பர் முனை வைத்த சாதாரண ஸ்டைலஸ் மலிவாகவே கிடைக்கும். மெல்லிய கோடு வராதுதான், எழுத்து வரும்.

முதலில் 'காட்டுப்பள்ளி' என்று புள்ளி இல்லாமல் எழுதுங்கள். போன் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். பிறகு ட், ப், ள் மூன்றுக்கும் புள்ளி வைத்து எழுதுங்கள். உங்கள் கையெழுத்து போனுக்குப் புரிகிறதா, வாத்தியாருக்கு மட்டும்தான் புரிகிறதா என்பது அப்போது தெரிந்து விடும்!